திருப்பிப் போட்டால் திறக்கும்

போன மாதம் இந்தப் பக்கத்தின் மூலையில் ‘கோவையைத் திருப்பினால் யார் வருவார்?’ என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்குப் பணியாரம் சுடப் போய்விட்டேன். வந்து பார்த்தால் கடிதமும் வாட்ஸப்புமாகக் குவிந்து கிடக்கிறது. விடை வைகோ. அதைச் சரியாகச் சொன்னதோடு விட்டார்களா, ஆளுக்கொரு புதிரை வேறு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் குழம்பு ஏன் நீர்த்துப்போகிறது, பக்கத்து வீட்டு வேப்பமரம் யாருக்குச் சொந்தம் எல்லாவற்றையும் தள்ளி வைப்போம். முழுக்க எழுத்து விளையாட்டுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். ‘மேடம்’ வேண்டாம், ‘ஆச்சி’ போதும்.

காரைக்குடி வாசகி: ஆச்சி, முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் சொல் கேட்டால் எல்லாரும் தாத்தா, பாப்பா, காக்கா, விகடகவி என்று நாலோடு நின்றுவிடுகிறார்கள். வேறு கிடையாதா?

இருக்கிறது. குடகு, கைரேகை, துவளுவது, வினவி, திகதி. சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்: தேரு வருதே, மோரு போருமோ, மாடு ஓடுமா, சேர அரசே. ‘மாவடு போடுவமா’ என்று எங்கள் வீட்டில் சித்திரை மாதத்தில் யாராவது கேட்டால், அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஜாடியை எடுப்போம். தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் தாத்தாவை ஐயா என்றுதானே கூப்பிடுகிறோம், அதைத் திருப்பினால் ‘யாஐ’ என்று கழுதை கத்துவது போல வருகிறது. புதிர்ப் புத்தகம் போடுகிறவர்கள் செட்டிநாட்டுப் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

தேவகோட்டை வாசகர்: அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி வளவில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் மூன்று புதிர் போட்டார்கள். ‘சிறையில் இருப்பவன் திரும்பிப் பார்த்தால் என்ன ஆவான்?’ கைதி, திகை. திகைப்பான் என்று சொல்லிவிட்டோம். ‘மேடையில் வாங்கியதைத் திருப்பிப் பிடித்தால் தேங்காயோடு மல்லுக்கட்டும்’, விருது, துருவி. அதையும் சொல்லிவிட்டோம். மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம்: ‘ரத்தத்தைத் திருப்பி ஆணியோடு அடித்தால் ஆச்சி காதில் இருக்கும்.’ விடிய விடிய யோசித்தும் வரவில்லை. தாலி கட்டி, சாப்பிட்டு, அவர்கள் பஸ் ஏறும்போதும் விடையைச் சொல்லாமலே போய்விட்டார்கள். மானம் போகிறது.

மானம் எல்லாம் போகவில்லை, நீங்கள் ரத்தம் என்ற சொல்லையே திருப்பிக்கொண்டு படுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். ‘ம்தத்ர’. இதை வாயால் சொல்லவே முடியாது பாருங்கள். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. அதனால் புள்ளி எழுத்தில் முடிகிற எந்தச் சொல்லையும் திருப்பி வேறு தனிச் சொல் ஆக்க முடியாது. மரம், பழம், வண்டல், தேன், தாய் எல்லாம் இந்த ஆட்டத்துக்கு ஆகாதவை. இது ஒன்று தெரிந்தால் பாதி ராத்திரி மிச்சம்.

அடுத்த சல்லடை இன்னும் பொடி. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு எழுத்து வரிசைகளும் இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வராது. லட்டு, ரவை, டீ என்று நாம் சொல்லத்தான் செய்கிறோம், அவை வந்தேறிச் சொற்கள், அவற்றுக்கு விதிவிலக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் வீடு, தோழி, பானை, வயிறு போன்றவற்றைத் திருப்பிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். க, ச, த, ந, ப, ம, ய, வ வரிசையில் முடிகிற சொல்தான் திரும்பி வந்து சொல்லாக நிற்க வாய்ப்பு உண்டு.

இப்போது ரத்தத்துக்கு வேறு பெயர்கள். உதிரம், செந்நீர்: இரண்டும் புள்ளியில் முடிகிறது, தள்ளு. குருதி: ‘தி’யில் முடிகிறது. திருப்பு. தி, ரு, கு. திருகு! அதோடு ஆணியைச் சேர்த்தால் திருகாணி. ஆச்சிமார் வைரத்தோட்டுக்குப் பின்னால் இருக்குமே அதுதான். திருகு + ஆணி என்று சேரும்போது ‘கு’வில் இருக்கிற உகரம் ஓடிப்போய்விடும், ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்று நன்னூல் சொல்வது இந்த ஓட்டத்தைத்தான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி மனப்பாடம் செய்தோம், அது கல்யாண வீட்டில் உதவும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

புதிர் போட்ட பிள்ளைகளை மெச்சத்தான் வேண்டும். ‘அடித்தால்’ என்ற சொல்லை வைத்து உங்கள் மூளையைத் தச்சுப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள், அது வெறுமனே ‘சேர்த்தால்’தான். இப்படிப்பட்ட புதிரில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலைக்காரன். ‘திருப்பி, புரட்டி, கவிழ்த்து, தலைகீழாக, ஊரிலிருந்து திரும்பி’ என்று வந்தால் எழுத்தைத் திருப்பச் சொல்கிறான். ‘சேர்த்து, கட்டி, அடித்து, கூட்டிக்கொண்டு’ என்று வந்தால் ஒட்டச் சொல்கிறான். மிச்சம் இருப்பது விடைக்கான விளக்கம், பெரும்பாலும் வரியின் ஒரு கோடியில் இருக்கும். இங்கே கடைசியில், ‘ஆச்சி காதில் இருக்கும்’. அந்தக் கோடியை முதலில் பிடித்துக் காதில் என்னென்ன இருக்கும் என்று எழுதிப் பார்த்திருந்தால் தோடு, கம்மல், திருகாணி, காதுகேட்கும் கருவி என்று நாலே நிமிஷத்தில் வந்திருப்பீர்கள். நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

திருப்பிக் கொடுக்க ஒரு புதிர் தருகிறேன், மறுவீட்டுக்குப் போகும்போது போடுங்கள்: ‘மருத நிலத்தைத் திருப்பிப் புரியோடு கட்டினால் ஒரு மாவட்டம்.’ மருத, தரும, தருமபுரி. அவர்கள் சொல்லிவிட்டால் இன்னொன்று: ‘மானாமதுரை வழியாகப் போவதைத் திருப்பினால் தொடச் சொல்லும்.’ வைகை, கை வை.

கண்டனூர் வாசகர்: ஆச்சி, இது விளையாட்டுப் புதிர் இல்லை. எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர்கள், 1942-ல் எல்லாரையும் போலத் திரும்பி வந்தவர்கள். அவர்களுடைய பழைய பேரேடு ஒன்று பரணில் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் கணக்கு எதுவும் இல்லை, ஒரே ஒரு வரி மட்டும் இடைவெளி இல்லாமல் இருக்கிறது:

துறகிக்ருஇல்தித்டமாடிபப்டுஅவிசா

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா இதில் மூன்று சொற்களைக் கண்டுபிடித்தார்கள். ‘இல்’ என்றால் வீடு. அடுத்து ‘மாடி’. கடைசியில் ‘விசா’. ஐயா மறுபடி பர்மா போக விசா வாங்கி வீட்டு மாடியில் எங்கோ வைத்திருக்கிறார்கள், மற்ற எழுத்துகள் பர்மியச் சொற்களாக இருக்கும் என்பது மாமாவின் முடிவு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாடியைப் புரட்டிவிட்டோம். டிரங்குப் பெட்டி, எனாமல் தட்டு, அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலை, எலி கடித்த ஜாதகம் எல்லாம் வந்தது. விசா வரவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

உங்கள் மாமாவிடம் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் செய்த தப்பைத்தான் நானும் முதல் பத்து நிமிஷம் செய்தேன் என்பதால் கூடுதல் மரியாதை. குழப்பமான எழுத்துக் கூட்டத்துக்குள் தெரிந்த சொல் ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டோம். கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வோம். இங்கே மூன்று சொந்தக்காரர்கள், அதுவும் வரிசையாக: வீடு, மாடி, விசா. கதை தானாக வந்துவிட்டது. கதை வந்ததும் மிச்ச எழுத்தை எல்லாம் பர்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அந்த மிச்சத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புரிகிற இடத்தை விட்டுவிட்டு, வாய்க்குள் நுழையாத இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டேன். ‘க்ரு’, ‘த்ட’, ‘ப்டு’. தமிழில் க், ச், த், ப் என்ற நான்கு புள்ளி எழுத்துகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, தன் இனத்தைத் தவிர வேறு யாரையும் பக்கத்தில் உட்கார விடாது. பக்கம், பச்சை, பத்து, பப்பாளி என்று க்-குப் பின் க, ச்-சுக்குப் பின் ச, இப்படித்தான் வரும். ‘த்ட’ என்று நம் சொல்லில் வரவே வராது. மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் படித்தது இதுதான். அப்புறம் நடுவில் தனியாக ‘இ’, ‘அ’ என்று உயிரெழுத்து உட்கார்ந்திருக்கிறது. அளபெடையை விட்டால் தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் உயிரெழுத்து தனியாக வராது, சொல்லின் தலையில்தான் வரும். அப்படியானால் அந்த ‘இ’யும் ‘அ’வும் ஒவ்வொரு சொல்லின் தலை.

வட்டம் போட்ட இடங்களில் வலது பக்கம் பார்க்காமல் இடது பக்கம் பாருங்கள். ‘க்’குக்கு இடது பக்கத்தில் ‘கி’ இருக்கிறது. ‘த்’துக்கு இடது பக்கத்தில் ‘தி’. ‘ப்’புக்கு இடது பக்கத்தில் ‘ப’. மூன்று பிடிவாதக்காரர்களும் தங்கள் இனத்தாரை இடது பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஓரிடத்தில் நடந்தால் தற்செயல், மூன்றிலும் நடந்தால் ஐயா வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இனி வேலையே இல்லை, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியதுதான். சா, வி, அ, டு, ப், ப, டி, மா, ட, த், தி, ல், இ, ரு, க், கி, ற, து. பதினெட்டு எழுத்து.

சாவி அடுப்படி மாடத்தில் இருக்கிறது.

விசா சாவியாகிவிட்டது. ‘மாடி’ எப்படி வந்தது என்று பாருங்கள்: அடுப்படியின் கடைசி ‘டி’யும் மாடத்தின் முதல் ‘மா’வும் திரும்பி நின்று கைகோத்திருக்கின்றன. ‘இல்’லும் அப்படியே, மாடத்தில் என்பதன் வாலும் இருக்கிறது என்பதன் தலையும். மூன்று சொற்களில் எதுவுமே ஐயா எழுதிய சொல் இல்லை. அவர்கள் கேலி செய்யத் திட்டம் போட்டு வைத்தார்களா, தானாக அமைந்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்கள் ஐயாவின் குணம் உங்களுக்குத்தான் தெரியும். சாவி என்பதும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல்தான், விசாவும் கப்பல் ஏறி வந்ததுதான். கொண்டுவிற்கப் போன ஊர்க்காரர் பேரேட்டில் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதழ் வரும்வரை உங்களைக் காக்க வைக்க மனம் வரவில்லை, அதனால் இந்தப் பதிலை அன்றைக்கே வாட்ஸப்பிலும் அனுப்பிவிட்டேன். மாடியிலிருந்து இறங்குங்கள். அடுப்படிக்குப் போங்கள்.

பள்ளத்தூர், பொறியியல் மாணவர்: ஆச்சி, நீங்கள் கையால் செய்வதை நான் நாலு வரி நிரலில் செய்துவிடலாம் என்று நினைத்தேன். ‘விகடகவி’யைக் கணினியில் போட்டுத் திருப்பினால் அது வேறு ஏதோ சொல் என்கிறது. கணினிக்குத் தமிழ் தெரியாதா?

தெரியும், ஆனால் அது எண்ணுகிற விதம் வேறு தம்பி. நமக்கு ‘வி’ ஓர் எழுத்து. கணினி எழுத்தைச் சேமித்து வைக்கும் யூனிகோடு முறையில் ‘வ’ தனி, இகரக் குறி தனி, இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் திரையில் ‘வி’ என்று தெரிகிறது. நீங்கள் வெறுமனே திருப்பச் சொன்னால் அது குறியையும் ஒரு தனி ஆளாக எண்ணித் திருப்பிவிடும். அப்போது முதல் குறி ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாமல் தனியாகத் தொங்கும், இன்னொன்று போய் ‘க’வின் தலையில் ஏறிக்கொள்ளும், ‘வகடகிவ’ என்று ஏதோ வரும். சாவியைக் கொடுத்துப் பாருங்கள், ஒற்றைக் குறி தொங்கிக்கொண்டிருக்க அதன் பின்னால் ‘வாச’ என்று வரும். வாசல் வரை வந்துவிட்டு ‘ல்’ இல்லாமல் நின்றுவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான்: குறியையோ புள்ளியையோ அதற்கு முன்னால் உள்ள எழுத்தோடு முடிச்சுப் போட்டு ஒரு பொட்டலமாக்குங்கள், பிறகு பொட்டலங்களைத் திருப்புங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று சின்ன வயதில் எண்ணினோமே, அந்த 247-ம்தான் இந்த ஆட்டத்தில் பொட்டலம். ‘க்ஷ’ மாதிரி வந்தால் அதை ஒன்றாக வைப்பதா இரண்டாக உடைப்பதா என்பதை ஆடுமுன்பே பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் சண்டை வரும்.

சொல்லப்போனால் கணினியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காதால் கேட்கிற ஓசையைத் திருப்பினால், அதாவது விகடகவி என்று பதிவு செய்து பின்னாலிருந்து ஓட்டினால், ‘இவகடகிவ்’ போலத்தான் கேட்கும். வ் முதலில் வந்து இ பின்னால் வருவது திரும்பும்போது இ முன்னால் வந்துவிடும் அல்லவா. நம் விளையாட்டு காதுக்கானது இல்லை, கண்ணுக்கானது. எங்கள் வீட்டில் சிறிசுகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது காகிதத்தைக் கிழித்து ஒரு துண்டுக்கு ஓர் எழுத்தாக எழுதித் தரையில் பரப்பிவிடுவேன். நிரலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஃபேனை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கோட்டையூர் வாசகி: நம் ஊர்ப் பெயர்களில் திருப்பினால் ஏதாவது வருமா?

காரைக்குடியைத் திருப்பிப் பார்த்தேன், ‘டிகுக்ரைகா’. பர்மியச் சொல் என்று யாராவது சொல்வார்கள். ஒன்றும் தேறவில்லை. ஆனால் நம் ஊர்கள் பிரிப்பதற்கு அருமையானவை. ‘வனத்தில் வெள்ளாட்டை மேய்த்துக் காவல் இருந்தவன் அரண்மனை கட்டிக்கொண்டான்’ என்று போட்டு ஊர்ப் பெயர் கேளுங்கள். கான், ஆடு, காத்தான்: கானாடுகாத்தான்! உண்மையில் அது கானாடு + காத்தான்தான், பழைய நாட்டுப் பிரிவின் பெயர், ஆடெல்லாம் கிடையாது. புதிருக்குப் பொய்ப் பிரிவுதான் ருசி. கம்பன் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையைப் பிரிக்கும்போது மட்டும் கவனம்: நாடு என்பது ‘நாட்டு’ என்று இரட்டித்துத்தான் அரசனைக் கூட்டிக்கொள்ளும். ஒரு சொல்லுக்கு நடுவில் ட்ட, ற்ற என்று பார்த்தால் அதற்குள் டு-வோ று-வோ ஒளிந்திருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஆறு + அங்கரை, ஆற்றங்கரை ஆனதும் அப்படித்தானே என்று ஒருவர் போன வருஷம் எழுதியிருந்தார். அது ஆறு, கரை, நடுவில் அம் என்ற சாரியை. இந்தச் சாரியைகள் சரியான ஒட்டுண்ணிகள்.

பிரிக்காமல் நின்றால் ஒரு பொருள், பிரித்தால் வேறு பொருள் என்று இருப்பதற்குப் பொதுமொழி என்று பெயர். எட்டு என்றால் எண், எள் + து என்று பிரித்தால் எள்ளைத் தின். வேங்கை மரமும் ஆகும், புலியும் ஆகும், வேம் + கை என்று பிரித்தால் வேகிற கையும் ஆகும். அடுப்படியில் நின்று பணியாரம் சுடுகிற எனக்கு மூன்றாவதுதான் நெருக்கம்.

புதுவயல் வாசகர்: வேலை வெட்டி இல்லாதவர்கள் எழுத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் அதற்கு நாலு பக்கம் ஒதுக்குகிறீர்கள். இதனால் தமிழுக்கு என்ன லாபம்?

லாபக் கணக்கு கேட்கிறீர்கள், சரி. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் சீகாழியில் உட்கார்ந்து செய்ததும் இதே வெட்டி வேலைதான். மூன்றாம் திருமுறையில் 117-ஆவது பதிகம், திருமாலைமாற்று. முதல் பாட்டு:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

கடைசி எழுத்திலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள், அதே பாட்டு வரும். ஒரு வரிக்கு 14 எழுத்து, மொத்தம் 28. இதில் ஒரு புள்ளி எழுத்தாவது இருக்கிறதா பாருங்கள். இல்லை. தேவகோட்டைக்காரர் ரத்தத்தைத் திருப்பி மாட்டிக்கொண்ட இடம் எது என்று சம்பந்தருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனையும் நெடில் வேறு. யா, மா, நீ, கா என்று ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்கக்கூடிய எழுத்துகள் நிறைய. நன்னூல் அப்படிப்பட்ட ஓரெழுத்துச் சொற்களை 42 என்று கணக்கு வைத்திருக்கிறது. கை, வை, பூ, தை, பை, கோ எல்லாம் அதில் அடக்கம். புதிர் போடுகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் அஞ்சறைப்பெட்டி.

சொற்களைச் சேர்த்து விடை கட்டும் ஆட்டமும் பழசுதான். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பன்னிரண்டு சித்திரகவிகளை, அதாவது எழுத்தை வைத்து ஆடும் பாட்டு வகைகளைச் சொல்கிறது, அதில் மாலைமாற்று ஒன்று, வினாவுத்தரம் ஒன்று. வினாவுத்தரத்துக்கு அங்கே ஒரு பாட்டு இருக்கிறது. கேள்விகளை என் பேச்சில் சொல்கிறேன். தாமரையில் இருப்பவள் யார்? திரு. போகிறவனை ஏவும்போது என்ன சொல்வோம்? ஏகு. வில்லில் பூட்டுவதன் பெயர்? அம்பு. அழகுக்கு ஒரு பெயர்? அம். பிறை சூடியவன் விரும்பி இருக்கும் இடம்? நாலையும் சேருங்கள்: திரு, ஏகு, அம்பு, அம், திருவேகம்பம். காஞ்சிபுரம். தேவகோட்டைப் பிள்ளைகளின் திருகாணி இந்த வீட்டுக் கொல்லைப்புறத்து மரத்தில் காய்த்ததுதான். தமிழுக்கு லாபமா என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் ஒரு புதிர் போட்டு அனுப்புங்கள், அடுத்த மாதம் பேசுவோம்.

மறுபடி கண்டனூரிலிருந்து: (பக்கம் அச்சுக்குப் போகிற அன்று காலையில் வந்தது.) ஆச்சி, உங்கள் வாட்ஸப்பைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போனோம். மாடத்தைக் காணோம். புகைபோக்கி மெஷின் மாட்டியபோது அடைத்துப் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டோம் என்று அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு உடைத்தோம். வீட்டில் கொஞ்சம் சண்டை, அதை எழுதவில்லை. உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு இரும்புச் சாவி இருந்தது, துணியில் சுற்றி, எண்ணெய் தடவி. வீட்டில் இருக்கிற எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டோம், முகப்புக் கதவு, இரண்டாம் கட்டு, பெட்டகம் எதற்கும் சேரவில்லை. எந்தப் பூட்டுக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத்தானே பார்த்தீர்கள், முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாமாவிடம் இப்போதைக்குக் காட்ட வேண்டாம்.